சரிங்கண்ணா என்று சொன்ன செவ்வாய்க்கிழமை

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. ஆடு, மாடு, கோழி, தேங்காய், காய்கறி என்று சுற்றுவட்டாரமே அன்றைக்கு அங்கேதான் இருக்கும். பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இது தெரியாதா? எங்கள் பக்கத்து மினி டெம்போக்கள் எல்லாம் அன்று காலையில் அந்தத் திசையில்தான் ஓடும். அப்படியிருந்தும் மாவட்டப் பொறுப்பாளர் போனில் கூப்பிட்டு, "தம்பி, வர்ற செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்குக் காரிமங்கலத்துல செயல்வீரர்கள் கூட்டம். மாநிலத்துலேர்ந்து ஆள் வர்றாங்க. ரெண்டு ஒன்றியமும் சேர்ந்து முந்நூறு பேர் இருக்கணும்" என்றபோது என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை. "சரிங்கண்ணா."

முந்நூறு சேர் போட்டோம். வந்தவர்கள் அறுபது பேர்கூட இல்லை. அதிலும் ஒரு பத்துப் பேர் சந்தைக்கு வந்த இடத்தில் ஃபேன் காற்றுக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் மடியில் கால் கட்டிய இரண்டு நாட்டுக்கோழி. மாநிலப் பொறுப்பாளர் பேசப் பேச, அவை நடுநடுவே குரல் கொடுத்தன. மனுஷர் கோபப்படவில்லை, சிரித்தபடியே பேசி முடித்தார். காரில் ஏறும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "இன்னிக்குச் சந்தைன்னு உங்களுக்குத் தெரியாதா?" தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை.

அது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஒரு மாநிலக் கட்சியில் கிளையில் ஆரம்பித்து ஒன்றியப் பொறுப்பு வரைக்கும் வந்தவன் நான். கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் படிக்காமல் போவார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். எந்தக் கொடி என்றாலும் இந்த வேலை ஒன்றுதான். கிளைச் செயலாளருக்கு ஊர் தெரியும். தலைமைக்குக் கட்சி தெரியும். நடுவில் இருக்கிற ஒன்றியத்துக்காரன் இங்கே இருப்பதை அங்கேயும், அங்கே இருப்பதை இங்கேயும் உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாங்கள் செய்வது என்ன? மேலே பார்த்தால் "சரிங்கண்ணா", கீழே பார்த்தால் "தலைமை உத்தரவு". இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் சேர்கள் காலியாகக் கிடந்தன.

அந்தச் செவ்வாய்க்கு அப்புறம் கடையில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். முதலில் சந்தை நாட்கள். காரிமங்கலத்துக்குச் செவ்வாய், போச்சம்பள்ளிக்கு ஞாயிறு என்று ஊருக்கு ஊர் மாறும். அடுத்து முகூர்த்த நாட்கள். அன்று மண்டபமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. ஆனால் ஒரு கல்யாணத்துக்குப் போனால் நான்கு கிளைச் செயலாளர்களைப் பந்தியிலேயே பார்த்துவிடலாம், அது வேறு விஷயம். மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசன். கூழ் தொழிற்சாலை வாசலில் டிராக்டரை வரிசையில் விட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறவரைக் காலையில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் என்ன வரும்? வசவுதான் வரும். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்காரர்களுக்கு விடியற்காலை மண்டி வேலை முடிந்தால்தான் உலகம். ஆடி 18 அன்று ஒகேனக்கல் பக்கம் போகிற பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. பொங்கல் முடிந்தால் எருதாட்டம் ஆரம்பித்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரியது பெங்களூர். எங்கள் கிளைகளில் இருபதிலிருந்து நாற்பது வயசுக்குள் இருக்கிற ஆண்களில் பாதிப் பேர் அங்கே கட்டட வேலையில் இருக்கிறார்கள். மீதியில் ஒரு பங்கு ஓசூர் கம்பெனிகளில், ஒரு பங்கு திருப்பூரில். சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்குவார்கள், திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். ஆகவே ஞாயிறு காலை பத்தரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடிகிற கூட்டம்தான் இவர்களுக்கான கூட்டம். அதற்கு மேல் இழுத்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிற ஒரே மத்தியானத்தையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரித் தொகுதியில்தான், 81 சதவீதத்துக்கு மேல். ஓட்டுப் போடுவதற்காகப் பஸ் பிடித்து வருகிற ஜனம் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் குறை ஜனத்திடம் இல்லை.

உறுப்பினர் சேர்க்கையில் நான் பண்ணிய கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றியத்துக்கு இரண்டாயிரம் பேர் என்று ஒரு முறை இலக்கு வந்தது. கடை என்னுடையது, மிஷின் என்னுடையது. படிவத்தைக் கட்டுக்கட்டாக அடித்துக் கிளைகளுக்கு அனுப்பினேன். பத்தே நாளில் 1,900 படிவம் நிரம்பித் திரும்பி வந்தது. மாவட்டக் கூட்டத்தில் பாராட்டு, சால்வை, கைதட்டல். பிறகு ஒரு மழை நாளில் கடையில் வேலை இல்லாமல் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே போன் நம்பர் பதினேழு படிவத்தில் இருந்தது. ஒரு தெரு முழுக்க ஒரே கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானே மாலை போட்டு வழியனுப்பிய ஒரு பெரியவர், புதிதாக நம் கட்சியில் சேர்ந்திருந்தார்.

சம்பந்தப்பட்ட கிளைச் செயலாளரைக் கடைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "நீங்க இருநூறு கேட்டீங்க, நான் இருநூறு கொடுத்துட்டேன். சந்தாவும் என் கைக்காசுதாங்கண்ணா" என்றார். அப்போதுதான் உறைத்தது. நான் மாவட்டத்துக்குச் சொல்கிற "சரிங்கண்ணா"வை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன் பிறகு படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், வாக்காளர் பட்டியலில் எந்தப் பாகம், என்ன வரிசை எண், எழுதியிருக்கிற போன் யாருடையது, என்ன வேலை, எந்த ஊரில், எந்த நாளில் வீட்டில் இருப்பார். இந்தக் கடைசி இரண்டு விவரமும் எந்தக் கட்சிப் படிவத்திலும் இருக்காது, ஆனால் எனக்கு அதிகமாக உதவியது அவைதான். சந்தாவை உறுப்பினர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும், ரசீதை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்தோம். சின்னத் தொகைதான். ஆனால் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்பார். மூன்று மாதம் வீடு வீடாக நடந்ததில் 1,900 பேர் 640 பேராகச் சுருங்கினார்கள். அந்தக் கணக்கை மாவட்டத்தில் சொன்னேன். திட்டு விழுந்தது, அந்த வருஷம் சால்வை இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துப் போன் போட்டால் மறுமுனையில் ஆள் இருந்தார்கள்.

கிளைக் கூட்டம் என்றால் என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். தலைவர் வாழ்க, டீ, போண்டா, போட்டோ. எத்தனை மாதம் இதையே செய்வது? எங்களுக்கு வழி காட்டியது வாக்காளர் பட்டியல்தான். ஒரு பாகத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருப்பார்கள். யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பேர் உட்கார்ந்து, ஒருவர் பெயர் வாசிக்க, மற்றவர்கள் சொல்ல வேண்டும். இவர் இறந்துவிட்டார், இந்தப் பெண்ணை அரூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், இவர்கள் குடும்பத்தோடு ஓசூரில் இருக்கிறார்கள், இந்த வீட்டுப் பையனுக்குப் பதினெட்டு முடிந்தும் பெயர் இல்லை. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் பதினெட்டு நிறைகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். இதைத் தெரியாமல் ஒரு வருஷம் காத்திருந்த பிள்ளைகள் எங்கள் ஒன்றியத்திலேயே நிறைய. கட்சியின் வாக்குச்சாவடி முகவர் மொத்தமாகப் படிவம் கொடுக்கும்போது ஒரு நாளைக்குப் பத்து என்று வரம்பு வைத்திருந்தார்கள். எனவே கடைசி வாரத்தில் நூறு படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பிரயோஜனமில்லை. முகவராக அந்தப் பாகத்திலேயே ஓட்டு இருக்கிறவரைப் போடுங்கள். வெளித்தெரு ஆளுக்கு யார் வீட்டு மருமகள் யார் என்று தெரியாது.

படிவம் 7 பற்றி ஒரு எச்சரிக்கை. எதிர்க்கட்சிக்காரர் பெயரை இதை வைத்துக் கழித்துவிடலாமா என்று ஒருவராவது கேட்பார். எங்கள் கூட்டத்திலும் கேட்டார்கள். பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னேன். பேச்சு அத்தோடு நின்றது. பட்டியலை வாசிக்கிற இந்த வேலையில் இளவட்டங்கள் ஒட்டிக்கொண்டதுதான் நான் எதிர்பார்க்காதது. பேசத் தெரியாது என்று பின்வரிசையில் நின்ற பையன்களுக்கு ஊரே மனப்பாடமாக இருந்தது.

சரி, மேடைக்கு வருகிறேன். ஒன்றியக் கூட்டத்தில் பாதிச் சண்டை நாற்காலியால், மீதிச் சண்டை நோட்டீஸால். ஒரு முறை நோட்டீஸில் முப்பத்து நான்கு பெயர் போட்டோம். ஒரே ஒரு பெயர் விட்டுப்போனது. விட்டுப்போனவர் பந்தலுக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தார். யாரோ நோட்டீஸைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். ஏணியிலிருந்து இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போனவர், ஆறு மாதம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் மூன்று தடவை வீட்டுக்குப் போனேன். மூன்றாம் தடவைதான் அவர் வீட்டு அம்மா காபி கொடுத்தார்கள். இப்போது எங்கள் நோட்டீஸில் என்ன விஷயம், எந்த இடம், எத்தனை மணி, வெளியூரிலிருந்து யார் வருகிறார்கள், இவ்வளவுதான். உள்ளூர்ப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. எல்லோருக்கும் கொஞ்சம் கோபம் இருந்தது, ஆனால் சமமாக இருந்தது.

மேடையையும் எடுத்துவிட்டோம். எண்பது, நூறு பேர் கூடுகிற நிர்வாகிகள் கூட்டத்துக்கு மேடை எதற்கு? சேரை வட்டமாகப் போட்டோம். முதல் ஒரு மணி நேரம் கிளைச் செயலாளர்கள் மட்டும் பேச வேண்டும், மாவட்டமும் மாநிலமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவர்கள் பேச்சு கடைசியில். இதை ஒப்புக்கொள்ள வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "அப்புறம் நாங்க எதுக்குப்பா வரணும்?" என்று ஒருவர் கேட்டார். கேட்பதற்குத்தான் என்று நேரடியாகச் சொல்கிற தைரியம் அப்போது எனக்கு இல்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கங்கண்ணா, அதுவரைக்கும் இவங்க பேசட்டும்" என்று சமாளித்தேன். சமாளித்தது பலித்தது.

மைக்கும் வேண்டாம். மைக்கைக் கையில் கொடுத்தால் எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் "அலைகடலெனத் திரண்டிருக்கும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எதிரில் இருப்பது நாற்பது பேர். மைக் இல்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே கேட்டால், "எங்க தெருக்கோடியில ஆறு மாசமா லைட் எரியலைங்க" என்று வரும். எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்கக் கூடாது. எழுத வராது என்று பத்துப் பேர் முன்னால் யார் சொல்வார்கள்? பேனாவை நீட்டினால் நல்ல நல்ல ஆட்களெல்லாம் டீ குடிக்க வெளியே போய்விடுகிறார்கள்.

எந்த இடத்தில் கூடுகிறோம் என்பது அதைவிட முக்கியம். ஊர் நடுவில், கோயில் முன்னால், ஆலமரத்து மேடையில் கூட்டம் போடுவது சுலபம். வாடகை இல்லை, நிழல் உண்டு. நானும் போட்டேன். காலனிக் கிளையிலிருந்து யாரும் வரவில்லை. போனில் கேட்டால் வேலை இருந்தது என்றார்கள். இரண்டாவது தடவையும் வேலை இருந்தது. மூன்றாவது தடவை ஒரு தம்பிதான் சொன்னான்: "அந்த மேடையில நாங்க எங்கண்ணா உக்காருவோம்?" 2012 நவம்பரில் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகள் எரிந்த மாவட்டம் இது. அதைப் பற்றி மேடையில் பேசாத கட்சி இல்லை. ஆனால் கூட்டத்துக்கு இடம் பார்க்கும்போது எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்தைத் தார் ரோட்டை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் போட்டோம். அந்தத் தோப்பு யாருக்கும் சொந்தத் தெரு இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். ஊர்ப்பக்கம் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை, ஒரு கிளைச் செயலாளர் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

மகளிரணி என்று பட்டியலில் இருபத்திரண்டு பெயர். கூட்டத்துக்கு வந்தது இருபத்திரண்டு கணவன்மார்கள். "நான் வந்தா போதாதாங்க?" என்பார்கள். ஞாயிறு காலை ஆண்களுக்குத் தோதான நேரம், பெண்களுக்கு இல்லை என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், கறி எடுத்திருப்பார்கள், ஒரு வாரத் துணி கிடக்கும். எங்கள் ஊர் அக்கா ஒருவர் வழி சொன்னார்: "நூறு நாள் வேலை முடிஞ்சு மூணு மணிக்கு மேல வாப்பா, எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசலாம்." போனேன். பதினாறு பேர் இருந்தார்கள். ஆண்கள் கூட்டத்தில் மூன்று மணி நேரத்தில் வராத விஷயம் அங்கே அரை மணி நேரத்தில் வந்தது. டேங்குக்குத் தண்ணீர் ஏறுகிறது, ஆனால் கடைசித் தெருவுக்கு வருவதில்லை, ஏனென்றால் நடுத்தெருவில் இருக்கிற வால்வு பழுது. போர் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்குப் பல் கறை பிடிக்கிற புளோரைடு பூமி எங்களுடையது. அந்த அக்காவுக்கு வால்வு எந்த வீட்டு வாசலில் இருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்திருந்தது.

மலைக்கிராமங்களுக்கு நாம்தான் போக வேண்டும், கீழே வரச்சொல்லக் கூடாது. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டு மிஷினைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோவதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். தேர்தல் கமிஷனே ஏறிப் போகும்போது கட்சிக்காரனுக்கு என்ன? ஒரு முறை போனேன், முட்டி இரண்டு நாள் வலித்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வேறு மாதிரி. அங்கே நிறைய வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. நோட்டீஸ் தமிழில் இருக்கட்டும், வீட்டு வாசலில் பேசுவதற்கு அவர்கள் பாஷை தெரிந்த ஆளை அனுப்புங்கள்.

தலைவர் வருகிறார் என்றால் வேலை பத்து மடங்கு. காவல்துறை அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும், அதில் போட்டிருக்கிற நிபந்தனையை உட்கார்ந்து படிக்க வேண்டும். எங்களில் பலர் கடிதத்தை மடித்துப் பையில் வைப்பதோடு சரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. சாலையை மறித்து பேனர் வைக்கக் கூடாது. 2019-இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு நான் பேனரே வைப்பதில்லை. "பேனர் இல்லாம என்னய்யா கூட்டம்?" என்று இப்போதும் திட்டு வாங்குகிறேன். சாப்பாட்டில் கவனம் வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமையில் பிரியாணி போட்டு, இருபது கிலோ அரிசி வீணாய்ப்போன கதை எங்களிடம் உண்டு. தூரத்துக் கிளைக்காரர்களுக்கு வந்ததும் சாப்பாடு போட்டுவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் பசியோடு உட்காரவைப்பது பாவம்.

ஆனால் இதில் பெரிய பொய், "இன்னும் சற்று நேரத்தில்" என்பது. ஒரு முறை மாலை நான்கு மணிக் கூட்டம். தலைவர் சேலத்திலிருந்து வரவேண்டும். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசை கட்டி நிற்பதாக மூன்றரைக்கே எனக்குப் போன் வந்துவிட்டது. மேடையில் இருந்தவர், "இதோ தொப்பூரைத் தாண்டிவிட்டார், இன்னும் சற்று நேரத்தில்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மா மயங்கி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு நான் மைக்கை வாங்கினேன். "அண்ணன்மாரே, அக்காமாரே, தொப்பூர்ல லாரி கவுந்திருக்கு. தலைவர் வர ஏழு மணி ஆகும். கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க மண்டபத்துல போய் உக்காருங்க. வீட்டுக்குப் போறவங்க போய்ட்டு சாப்பிட்டுட்டு வாங்க" என்றேன். மேடையில் இருந்தவர்கள் முகம் செத்துப்போனது. மைதானம் பாதி காலியானது. ஏழேகாலுக்குத் தலைவர் வந்தபோது போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்திருந்தார்கள், கூடவே வீட்டிலிருந்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த செய்தியைக் கேட்ட ராத்திரி, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மயங்கி உட்கார்ந்த அந்த அம்மாவின் முகம்தான். அதன் பிறகு எங்கள் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வெளிவழி, நான்கு இடத்தில் தண்ணீர், ஆம்புலன்ஸ் போகத் தடையில்லாத ஒரு பாதை, இவை இல்லாமல் நான் பொறுப்பேற்பதில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். ஒருவரிடமிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கட்சிக்கு வருமான வரி விலக்கில் சிக்கல் வரும், வங்கி வழியாகப் போடச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்த அடுத்த வாரமே வரவு செலவை வாசியுங்கள். சேர் வாடகை, மைக் செட், டீ, பெட்ரோல் வரைக்கும். எங்கள் ஒன்றியத்தில் நடந்த சண்டைகளில் கொள்கைக்காக நடந்தது எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. கணக்குச் சொல்லாததால் நடந்தவை ஏராளம். கணக்குச் சண்டைக்கு அடுத்தபடி ஊராட்சித் தேர்தல். 2019 டிசம்பரில் நடந்ததை மறக்க முடியாது. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. எனவே ஒரே கிளையில் மூன்று பேர் மூன்று சின்னத்தில் நின்றார்கள். மூவரும் தோற்றார்கள். அந்தக் கிளையை மறுபடி ஒன்றாக உட்காரவைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கடைசியாக, கேட்டதை மேலே கொண்டுபோகிற வேலை. வட்டமாக உட்கார்ந்து பேசியதை நான் ஒரே தாளில் எழுத ஆரம்பித்தேன். எந்தக் கிளை என்ன கேட்டது, அதில் எங்களால் ஆகாதது எது, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். ஒரு தாளுக்கு மேல் போனால் மேலே யாரும் படிப்பதில்லை. முதல் தடவை மாநிலக் கூட்டத்துக்குப் போனபோது எல்லாவற்றையும் வாசித்தேன், வால்வு உட்பட. மற்ற மாவட்டங்கள் காவிரி, நீட், ஜி.எஸ்.டி. என்று போய்க்கொண்டிருந்தன. நான் நடுத்தெரு வால்வைச் சொன்னேன். ஒரு மூத்தவர், "இதெல்லாம் ஒன்றியத்துலயே பாத்துக்கக் கூடாதாப்பா?" என்றார். மண்டபம் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தால், அவர் சொன்னது சரிதான். வால்வுக்கு மாநிலச் செயற்குழு எதற்கு? திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் அந்தப் பதினாறு பெண்களோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மூன்றாவது மனுவுக்கு வால்வு மாறியது.

அப்படியென்றால் மேலே போக வேண்டியது எது? ஒகேனக்கலில் காவிரி பொங்குகிற காலத்தில் உபரி நீரை ஏரிகளுக்குத் திருப்ப வேண்டும் என்று எங்கள் மாவட்டத்தில் தீர்மானம் போடாத கட்சி கிடையாது. மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதையும் அப்படித்தான். 36 கிலோமீட்டர், 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. எங்கள் கட்சித் தீர்மானத்திலும் இரண்டும் வருஷா வருஷம் வரும். ஒரு தடவை வரைவுத் தீர்மானத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கிளைகளில் வாசித்துக் காட்டினேன். "மாவட்டத்தில் உள்ள ஏரிகளுக்கு" என்று இருந்தது. ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "எந்த ஏரி? எங்க ஏரிக்கு வர்ற வாய்க்காலே தூந்துபோச்சே, தண்ணி எப்படிப்பா வரும்?" அந்த வருஷம் எங்கள் தீர்மானத்தில் ஏரிகளின் பெயரும், முதலில் எந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்பதும் சேர்ந்தன. தலைமை அப்படியே எடுத்துக்கொண்டது. தண்ணீர் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் கிளைக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, "நம்ம தீர்மானம் என்னாச்சு?" என்று கேட்கிறார். நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு அவர் கோபித்துக்கொண்டதில்லை.

போன மாசியில் புது மாவட்டப் பொறுப்பாளர் கூப்பிட்டார். வருகிற ஞாயிறு ஒன்றிய நிர்வாகிகள் கூட்டம், மாநிலத்திலிருந்து பார்வையாளர் வருகிறார். காலண்டரைப் பார்த்தேன், என் பென்சில் குறி எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ராயக்கோட்டை எல்லையை ஒட்டிய ஒரு கிளையிலிருந்து போன். இருபத்து மூன்று வயசுப் பையன், செயலாளர் ஆகி நான்கு மாதம்தான் ஆகிறது.

"அண்ணா, அன்னிக்கி எங்க பக்கம் எருதாட்டம். நான் வேணா வந்து உக்காருவேன். ஆனா ஒருத்தனும் வரமாட்டான். அந்தத் தேதி வேணாங்கண்ணா."

சுருக்கென்றுதான் இருந்தது. நேற்றுப் பொறுப்புக்கு வந்தவன் எனக்குத் தேதி சொல்கிறான். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மாவட்டத்துக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அந்த ஞாயிறு முடியாதுங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடையில் ஜெராக்ஸ் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப எந்தத் தேதின்னு நீயே சொல்லுப்பா" என்றார்.

பையனுக்கே மறுபடி போன் போட்டேன்.